டாக்டர் வீட்டு மிச்ச வயர்

அந்தப் பல் டாக்டர் என்னை உக்காரச் சொல்லாம இருந்திருந்தா, நான் பாட்டுக்கு டெஸ்டரைப் பையில போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். என் போதாத காலம், மனுஷன் நல்லவரா இருந்து தொலைச்சாரு.

வேலை இதுதான். அவர் வீட்டு மாடியில பாட்டு கேக்கறதுக்குன்னே ஒரு ரூம். அந்த ரூமுக்கு மெயின் போர்டுலேர்ந்து தனியா ஒரு லைன் இழுக்கணும். ஃபிரிட்ஜு, மோட்டாரு எதோடயும் அது சேரக் கூடாதாம். சேர்ந்தா பாட்டுல அழுக்கு கலக்குமாம். கரண்டுல என்னய்யா அழுக்குன்னு உள்ளுக்குள்ள சிரிச்சேன். ஆனா முப்பது வருஷம் வயர் இழுத்தவனுக்கு ஒண்ணு தெரியும், வீட்டுக்காரரோட கிறுக்குதான் நமக்குச் சோறு. வாயை மூடிக்கிட்டு ரெண்டு நாள்ல இழுத்து முடிச்சேன். என் ஆயுசுல நான் வாயை மூடிக்கிட்டு இருந்தது அந்த ரெண்டு நாள்தான்னு என் சம்சாரம் இன்னிக்கும் சொல்லுவா.

மூணாவது நாள் லைனை ஆன் பண்ணிக் காட்டினேன். "கேட்டுட்டுப் போங்க, நீங்க இழுத்த லைன்தானே"ன்னாரு. அந்த ரூம்ல இருந்தது ஒரே ஒரு நாற்காலி. என் பேன்ட் முழுக்க சுவத்துல துளை போட்ட தூசு. "பரவால்ல, உக்காருங்க"ன்னு தோளைப் பிடிச்சு உக்கார வெச்சாரு. நுனியில உக்காந்தேன். எதிர்ல என் உசரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர்.

ஒரு பொம்பளைக் குரல். வாத்தியம் ஒண்ணும் இல்ல. பாடறதுக்கு முன்னாடி அந்தம்மா மூச்சை இழுத்தாங்க பாருங்க, நான் திரும்பிப் பாத்துட்டேன். சத்தியமா, ரூம்ல யாரோ வந்து நிக்கறாங்கன்னு நினைச்சேன். ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல, ஒண்ணுமே இல்லாத எடத்துல, அந்தம்மா நின்னு பாடறாங்க. உதடு பிரியற சத்தம் கேக்குது. அப்புறம் மெதுவா ஒரு டிரம் சேந்துச்சு. அது காதுக்கு வரல, நேரா நெஞ்சுக்குழிக்கு வந்துச்சு. பாட்டு முடியறப்போ எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. "தூசு டாக்டர், தூசு"ன்னு சட்டைக் கையால தொடச்சுக்கிட்டேன்.

"வீட்ல என்ன செட்டு வெச்சிருக்கீங்க?"ன்னு சாதாரணமாத்தான் கேட்டாரு.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். சும்மா ஒரு பொட்டி."

இந்த 'சும்மா ஒரு பொட்டி'யைப் பத்திச் சொன்னாத்தான் நான் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு உங்களுக்குப் புரியும்.

என் சம்சாரத்தோட தம்பிக்கு வீட்ல 'பாதி'ன்னு பேரு. வெச்சது நான் இல்ல, அவங்க மூத்த அண்ணன். படிப்பு பாதி, டிரைவிங் கத்துக்கிட்டது பாதி, செல்போன் ரிப்பேர் கத்துக்கப் போனது பாதி, கல்யாணப் பேச்சு ரெண்டு தடவை பாதியில நின்னுச்சு. வயசு முப்பத்தஞ்சு. சொந்தக்காரங்க நாலு பேர் கூடினா "இப்ப என்ன பண்றே"ன்னு கேப்பாங்க, அவன் பதில் சொல்றதுக்குள்ள சிரிச்சிடுவாங்க. அப்படிப்பட்டவன் முழுசா முடிச்ச ஒரே காரியம் எங்க வீட்டு ஸ்பீக்கர். பலகை அறுத்து, இழைச்சு, உள்ள பஞ்சு வெச்சு, பழைய ஆம்ப்ளிஃபயர் ஒண்ணை வாங்கிப் பிரிச்சு மேய்ஞ்சு, எட்டு மாசம் உக்காந்து செஞ்சான். ஒரு பெட்டி சரியா வரலைன்னு உடைச்சுப் போட்டுட்டு முதல்லேர்ந்து செஞ்சான். எங்க கல்யாண நாள் அன்னிக்குக் கொண்டாந்து ஹால்ல வெச்சு பாட்டு போட்டான். போட்டுட்டு அவன் ஸ்பீக்கரைப் பாக்கல, என் மூஞ்சியப் பாத்தான்.

"டேய், அசத்திட்டடா"ன்னேன். முகஸ்துதி இல்ல, நிஜமாவே அவ்வளவு நல்லா இருந்துச்சு. அன்னிலேர்ந்து நாலு வருஷம், வீட்டுக்கு யார் வந்தாலும் டீ குடுக்கறதுக்கு முன்னாடி பாட்டு குடுப்பேன். "எங்க மச்சான் செஞ்சது, எந்தக் கடையிலயும் இந்தச் சத்தம் கிடைக்காது"ம்பேன். அவனும் அங்க இருந்தா, பாட்டு ஆரம்பிச்ச உடனே என் மூஞ்சியத்தான் பாப்பான். நான் தலையாட்டினாத்தான் அவனுக்கு மூச்சு வரும். அந்தக் குடும்பத்துல அவனுக்காகப் பேசின ஒரே வாய் என்னோடது. அதே வாயாலதான் டாக்டர்கிட்ட அப்படிச் சொன்னேன்.

கிளம்பறப்போ ரூம் மூலையில ஸ்பீக்கர் வயர் மிச்சம் கிடந்துச்சு. விரல் தண்டி, கண்ணாடி மாதிரி உறை, உள்ள செம்பு பளபளன்னு தெரியுது. எங்க தொழில்ல மிச்ச வயர் எலெக்ட்ரீஷியனுக்குச் சொந்தம், அது எழுதாத சட்டம். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டேன்.

"தாராளமா எடுத்துக்கங்க"ன்னு சிரிச்சாரு டாக்டர். "ஆனா ஒண்ணு. நல்ல வயர் போட்டா செட்டோட குறையெல்லாம் வெளிய வந்துடும்."

அந்த வார்த்தைய மனசுல முடிஞ்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன்.

கை கால் கூடக் கழுவல, டாக்டர் வீட்ல கேட்ட அதே பாட்டைத் தேடிப் போட்டேன். அந்தம்மா மூச்சு எங்க? உதடு எங்க? குரல் இருந்துச்சு, டிரம் இருந்துச்சு, ஒண்ணும் குறையல. ஆனா முந்தின நாள் வரைக்கும் எனக்கு விருந்தா இருந்தது, அன்னிக்கு ஆறிப்போன டீ மாதிரி இருந்துச்சு. சத்தத்தைக் கூட்டினேன், குறைச்சேன். காதை ஸ்பீக்கர் மேலயே வெச்சுப் பாத்தேன். கேட்டதைக் கேக்காததா ஆக்க முடியல.

அதுக்கப்புறம் மூணு நாள் என் சம்சாரத்தைப் பாடாப் படுத்தினேன். ஸ்பீக்கரை இப்படி நகத்து, அப்படித் திருப்பு, சோபாவை நடுவுல இழு, ஃபேனை நிறுத்து. அவ மருந்துக்கடை கவுன்டர்ல நாள் முழுக்க நின்னுட்டு வந்து, காலை நீட்டி ஒரு பாட்டு கேக்கலாம்னு உக்காருவா. "பேசாம இரு, டிரம்முக்குப் பின்னாடி ஒரு சத்தம் வரணும், வருதான்னு கவனி"ம்பேன். "டிரம்முக்குப் பின்னாடி பக்கத்து வீட்டு மிக்சிதான் வருது"ம்பா.

"ஏங்க, நல்லாத்தானே இருந்துச்சு, யார் கண்ணு பட்டுச்சு?"

"கண்ணு இல்லடி, காது. எனக்குக் காது திறந்துடுச்சு."

"திறந்த காதை மூடிக்கிட்டு சாப்பிட வாங்க."

சனிக்கிழமை மத்தியானம் டாக்டர் வீட்டு வயரை எடுத்தேன். மச்சான் போட்டிருந்தது சிவப்பும் கறுப்புமா மெல்லிசு வயர். அதைப் பிடுங்கி எறிஞ்சேன். புது வயர்ல ரெண்டு கம்பியும் பாக்க ஒரே மாதிரி. ஒரு கம்பியோட உறை மேல மட்டும் பொடி எழுத்துல என்னமோ அச்சடிச்சிருந்துச்சு. கண்ணாடி போடாம படிக்க முடியாது, படிக்கணும்னும் தோணல. பல்பு ஹோல்டர்ல எந்தக் கம்பி எந்தத் துளையில போனா என்ன, எரியுதா இல்லையா? ஸ்பீக்கருக்குப் போறதும் முன்னும் பின்னும் ஆடற கரண்டுதானே, அதுல ப்ளஸ் ஏது, மைனஸ் ஏது? பெட்டிக்குப் பின்னாடி அவன் சிவப்பு ஒண்ணு, கறுப்பு ஒண்ணுன்னு முனை வெச்சிருந்தான். அழகுக்கு வெச்சிருப்பான்னு நினைச்சேன். முறுக்கினேன், சொருகினேன், டைட் பண்ணினேன். கனெக்ஷன் இரும்பு மாதிரி நின்னுச்சு. அதுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது.

பாட்டைப் போட்டேன். சப்புன்னு இருந்துச்சு. டிரம் வத்திப் போச்சு. குரல் நடுவுல நிக்கவே இல்ல, ஓரத்துல எங்கயோ கரைஞ்சு கிடக்குது. சமையலறையிலேர்ந்து சம்சாரம் எட்டிப் பாத்தா.

"என்னங்க, பாட்டு அடுத்த தெருவுக்குக் குடி போயிடுச்சா?"

நியாயமா அங்கயே எனக்கு உறைச்சிருக்கணும். எந்த வீட்ல கோளாறுன்னு கூப்பிட்டாலும் நான் கேக்கற முதல் கேள்வி, "கடைசியா யார் கை வெச்சது?" அன்னிக்கு அதை என்னை நானே கேட்டுக்கல. டாக்டர் சொன்னதுதான் மண்டையில ஓடுச்சு. "பாத்தியா, நல்ல வயர் போட்ட உடனே பொட்டியோட குறை வெளிய வந்துடுச்சு"ன்னேன். என்னமோ பந்தயத்துல ஜெயிச்ச மாதிரி சொன்னேன். வெக்கக்கேடு.

மறுநாள் ஞாயித்துக்கிழமை டான்ஸ் டீச்சர் எங்க வீட்டுக்கு வர்றதா ஏற்பாடு. அவங்க புதுசாக் கட்டற ஹாலுக்கு வயரிங் என் வேலை. ஒரு மாசத்துக்கு முன்னாடி ஏணி மேல நின்னுக்கிட்டு நான்தான் பீத்திக்கிட்டேன், "எதுக்கு டீச்சர் கடைக்குப் போறீங்க? எங்க மச்சான் செட்டை ஒரு தடவை வந்து கேளுங்க"ன்னு. அந்த ஹாலுக்கு நாலு ஸ்பீக்கர் வேணும். மச்சானுக்கு அதுதான் முதல் ஆர்டர். அது கிடைச்சா பின்கட்டு ஷெட்டுலயே தொழிலா ஆரம்பிச்சிடலாம், அண்ணன் முன்னாடி நிமிந்து நடக்கலாம்னு அவன் ராப்பகலா அதையே நினைச்சுக்கிட்டிருந்தான். கேட்டுப் பாக்க அவன்கிட்ட இருந்த ஒரே சாம்பிள் எங்க ஹால்ல இருந்த ஜோடிதான்.

காலையில அவன் வந்தப்போ சட்டை இஸ்திரி போட்டிருந்துச்சு. கையில ஒரு நோட்டு, உள்ள ஹாலோட படம் வரைஞ்சு ஸ்பீக்கர் எங்கெங்க வரணும்னு அளவோட குறிச்சிருந்தான். "மாமா, பதட்டமா இருக்கு"ன்னான். நான் அவனுக்குத் தைரியம் சொல்லல. வயர் மாத்தினதையும் சொல்லல. பொட்டியில குறைன்னு எனக்குத்தான் தீர்மானமாயிடுச்சே.

டீச்சர் வந்து உக்காந்தாங்க. மச்சான் பாட்டைப் போட்டான், போட்டுட்டு வழக்கம்போல என் மூஞ்சியப் பாத்தான். நான் தலையாட்டல. ஜன்னலைப் பாத்தேன்.

அவன் நெத்தி சுருங்குச்சு. "ஒரு நிமிஷம்"ன்னு சொல்லிட்டு ஸ்பீக்கருக்குப் பின்னாடி மண்டி போட்டுக் குனிஞ்சான்.

"அங்க என்னடா பாக்கறே?"ன்னேன். அப்படியே டீச்சர் பக்கம் திரும்பி, "வயரெல்லாம் நேத்துதான் மாத்தினேன் டீச்சர். டாக்டர் வீட்டு வயர், ஒசந்த சரக்கு. கனெக்ஷன் நானே குடுத்தது. உங்க ஹால்ல வேலை செய்யுதே, அதே கை. அதுல குறை வராது."

அவன் எழுந்தான். பேன்ட் முட்டியில தூசு. வாயைத் திறந்தான். டீச்சரைப் பாத்தான், என்னைப் பாத்தான், வாயை மூடிக்கிட்டான்.

டீச்சர் பொறுமையா ரெண்டு பாட்டு முழுசாக் கேட்டாங்க. டான்ஸ் சொல்லிக் குடுக்கற அந்தம்மா காலு ஒரு தடவை கூட அசையல. "தாளம் காலுக்கு வரணுமே"ன்னு தயங்கிச் சொன்னாங்க. அப்புறம் என்னைப் பாத்து, "நீங்க சொல்லுங்கண்ணா. உங்க பேச்சை நம்பித்தானே வந்தேன்"ன்னாங்க.

இதுக்கு மேல சொல்ல எனக்கு நாக்கு கூசுது. இருந்தாலும் சொல்றேன்.

"மச்சான்னு பாக்காம உண்மையச் சொல்லணும்னா டீச்சர், டாக்டர் வீட்ல கேட்டுட்டு வந்த காதுக்கு இது குப்பை."

டீச்சர் "அப்புறம் சொல்றேன்"ன்னு எழுந்து போய் செருப்பைப் போட்டுக்கிட்டாங்க. மச்சான் நோட்டைச் சுருட்டிப் பின் பாக்கெட்ல சொருகினான். "வரேன்க்கா"ன்னான். அக்காகிட்ட மட்டும்தான் சொன்னான்.

கதவு சாத்தின உடனே என் சம்சாரம் கேட்டா, "உங்க வாயில என்னதான் இருக்கு?"

"உண்மை இருக்கு. பொய் சொல்லி விக்கச் சொல்றியா?"

அவ உள்ள போயிட்டா. சொந்தம்னு பாக்காம நியாயம் பேசினேன்னு எனக்கே என்னை நினைச்சுப் பெருமையா இருந்துச்சுன்னா பாத்துக்கங்க.

அந்த வாரமே பாதி ஒரு பார்சல் கோடவுன்ல வேலைக்குச் சேந்துட்டான். இழைப்புளி, பலகை இறுக்கற கருவி எல்லாத்தையும் தெருமுனை தச்சருக்குத் தூக்கிக் குடுத்துட்டானாம். "இதுவும் பாதியா?"ன்னு அவங்க அண்ணன் போன்ல சிரிச்சது எங்க ஹால் வரைக்கும் கேட்டுச்சு. நாலு வருஷமா அந்தச் சிரிப்புக்குப் பதில் சொன்னவன் நான். அன்னிக்கு பேப்பரைப் பிரிச்சு மூஞ்சிக்கு முன்னாடி வெச்சுக்கிட்டேன்.

பத்து நாள் கழிச்சு டாக்டர் மறுபடி கூப்பிட்டாரு. இன்னும் பெரிய ஸ்பீக்கர் வந்திருக்கு, கூட ஒரு பிளக் பாயிண்ட் வேணும்னாரு. போனேன். செட்டு மாட்டறதுக்கு கடையிலேர்ந்து ஒரு பொண்ணு வந்திருந்தா. முட்டிக்கால் போட்டு வயரைச் சொருகிட்டு, டெஸ்ட் பண்ணணும்னு ஒரு பாட்டைப் போட்டா. நான் டூல்ஸ் பெட்டி மேல உக்காந்து ஸ்க்ரூ முறுக்கிக்கிட்டிருந்தேன்.

சப்புன்னு ஒரு சத்தம். டிரம் வத்திப் போயிருந்துச்சு. குரல் ரூமோட ஓரத்துல கரைஞ்சு கிடந்துச்சு.

ஐயோ, இது எங்க வீட்டு சத்தமாச்சே!

அந்தப் பொண்ணு பாட்டை நிறுத்திட்டு பின்னாடி போய் என்னமோ பண்ணினா. மறுபடி போட்டா. டிரம் வந்து நெஞ்சுல இடிச்சுச்சு. பாடறவங்க நடுவுல வந்து நின்னாங்க.

"என்னம்மா பண்ணினே?"ன்னேன்.

"சின்ன டெஸ்ட்டுண்ணா. முதல்ல ஒரு பக்கத்துக் கம்பிய வேணும்னே மாத்திக் குடுத்தேன். அப்படி இருந்தா ஒரு ஸ்பீக்கர் முன்னாடி தள்றப்போ இன்னொண்ணு பின்னாடி இழுக்கும். ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு தாளம் செத்துடும். எத்தனை ஒசந்த செட்டா இருந்தாலும் இதே கதிதான்."

"ரெண்டு பக்கமும் மாத்திக் குடுத்தா?"

"ரெண்டும் சேந்து மாறினா பரவால்ல, கேக்க நல்லாத்தான் இருக்கும்."

ரெண்டையும் தப்பாக் குடுக்கற அளவுக்காவது நான் முட்டாளா இருந்திருக்கக் கூடாதா!

"வயர் மேல பொடி எழுத்து இருக்கே, அது எதுக்கும்மா?"

"எது ப்ளஸ்னு தெரியறதுக்குத்தாண்ணா."

பிளக் பாயிண்டை எப்படி முடிச்சேன்னு தெரியல. வீட்டுக்கு ஓடி வந்தேன். சம்சாரம் இன்னும் கடையிலேர்ந்து வரல. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஸ்பீக்கருக்குப் பின்னாடி குனிஞ்சேன். இடது பக்கம் எழுத்து இருக்கற கம்பி சிவப்பு முனையில. வலது பக்கம் எழுத்து இருக்கற கம்பி கறுப்பு முனையில. சின்னப் பிள்ளை பாத்தாக்கூட கண்டுபிடிச்சிடும். ரெண்டு ஸ்க்ரூ, ஒரு நிமிஷ வேலை. மாத்தினேன், பாட்டைப் போட்டேன்.

வந்துச்சு. டாக்டர் வீட்டு மூச்சும் உதடும் வரல, அது வேற கதை. ஆனா டிரம் வந்துச்சு, குரல் நடு வீட்ல வந்து நின்னுச்சு. பழைய பலகையையும் பழைய ஆம்ப்ளிஃபயரையும் வெச்சுக்கிட்டு, சொல்லிக் குடுக்க ஒரு ஆள் இல்லாம, அவன் எங்க வரைக்கும் வந்திருக்கான்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. கேவலமா இருந்துச்சு. தரையிலயே உக்காந்துட்டேன்.

படிக்கட்டுல செருப்புச் சத்தம். கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே என் சம்சாரம் சந்தோஷமாக் குரல் குடுத்தா, "யாரு, தம்பி வந்திருக்கானா?"

பாட்டைக் கேட்டே அவன் வந்து சரி பண்ணிட்டான்னு நினைச்சிருக்கா. உள்ள வந்து பாத்தா, கையில ஸ்க்ரூ டிரைவரோட நான் மட்டும் உக்காந்திருக்கேன். எல்லாத்தையும் சொன்னேன். ஒண்ணை மறைக்கல. அவ கத்துவான்னு எதிர்பாத்தேன், கத்தியிருந்தா தேவலாம்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்"னா மெதுவா. "நீங்க கூடத்தைக் கட்டினவனையே துரத்திட்டீங்க."

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குக் கோடவுனுக்குப் போனேன். அவன் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவுல நின்னு டேப் ஒட்டிக்கிட்டிருந்தான். என்னைப் பாத்ததும் பதறிட்டான்.

"என்ன மாமா, அக்காவுக்கு என்ன?"

"அக்காவுக்கு ஒண்ணும் இல்ல. டேய், அந்த வயரு..."

"வலது பக்கம் மாறியிருந்துச்சு. தெரியும் மாமா."

"எப்படா தெரியும்?"

"அன்னிக்கே. குனிஞ்சு பாத்தப்பவே."

"அட பாவி, அப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"எப்படி மாமா சொல்றது? அவங்க ஹால் முழுக்க நீங்கதான் வயரிங். ரெண்டு கம்பிய மாத்திக் குடுத்த ஆளுன்னு தெரிஞ்சா, பசங்க ஆடற எடத்துக்கு உங்களை நம்புவாங்களா? அதே கைன்னு வேற சொல்லிட்டீங்க. ஆர்டர் போனா போகட்டும், உங்க பேரு கெடக் கூடாதுன்னு நினைச்சேன்."

அவன் வாயைத் திறந்து மூடினது இதுக்குத்தான். அந்த நேரத்துலதான் நான் குப்பைன்னு சொன்னேன். அவன் என் மானத்தைக் காப்பாத்திக்கிட்டு நின்னப்போ நான் அவன் மானத்தை வாங்கியிருக்கேன். அந்தக் கோடவுன் தரை பிளந்து என்னை முழுங்கியிருக்கக் கூடாதான்னு இருந்துச்சு.

"சரிடா, டீச்சர் போனதுக்கப்புறம் அக்காகிட்டயாவது சொல்லியிருக்கலாம். ஏன் இழைப்புளியக்கூட தூக்கிக் குடுத்துட்டு இங்க வந்தே?"

அவன் ஒரு பெட்டிக்கு டேப்பை இழுத்து ஒட்டி, விரலால அழுத்தித் தேய்ச்சான். "வயரு மாறினா சத்தம் கெடும் மாமா, அது சின்ன விஷயம். செட்டு நல்ல செட்டுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

கோவமாச் சொல்லியிருந்தா நான் காலைப் பிடிச்சிருப்பேன். அவன் கோவப்படல. விலாசம் எழுதின சீட்டை எடுத்து அடுத்த பெட்டி மேல ஒட்டிக்கிட்டே சொன்னான்.

அங்கேர்ந்து நேரா டான்ஸ் ஹாலுக்குப் போனேன். டைல்ஸ் வேலை நடந்துக்கிட்டிருந்துச்சு. வேலைக்காரங்க அஞ்சு பேர் முன்னாடி வெச்சே டீச்சர்கிட்ட சொன்னேன். "அன்னிக்கு நீங்க கேட்டது என் மச்சான் செட்டோட குறை இல்ல டீச்சர். நான் ஒரு பக்கத்து வயரை மாத்திக் குடுத்துட்டேன். அவனுக்குத் தெரியும், என் பேரு கெட்டுடும்னு வாயை மூடிக்கிட்டான். நான் குப்பைன்னு சொன்னது..." டைல்ஸ்காரர் கரண்டிய நிறுத்திட்டு என்னைப் பாத்தாரு.

டீச்சர் சுவத்துல நான் வெச்ச ஸ்விட்ச் போர்டையெல்லாம் ஒரு தடவை பாத்தாங்க. "அப்ப இந்த வயரிங்?"

"வேற ஆளை வெச்சு ஒரு தடவை பரிசோதிச்சிடுங்க டீச்சர். நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

முப்பது வருஷத்துல என் வாயிலேர்ந்து அந்த வார்த்தை வந்ததே கிடையாது. அவங்க நிஜமாவே வேற ஆளை வெச்சுப் பரிசோதிச்சாங்க. வயரிங் சரியா இருந்துச்சு, ஆனா அந்த ஆள் ஒவ்வொரு போர்டாக் கழட்டறப்போ நான் பக்கத்துல நிக்க வேண்டியிருந்துச்சு. ஹாலுக்கு அவங்க ஏற்கனவே கடையில நாலு ஸ்பீக்கர் சொல்லிட்டாங்களாம். "சின்னப் பசங்க பழகற உள் ரூம் ஒண்ணு இருக்கு. அதுக்கு வேணா ஒரு தடவை வந்து கேக்கறேன்"ன்னாங்க.

ஞாயித்துக்கிழமை வந்தாங்க. அவன் அக்கா நாலு தடவை போன் பண்ணினதுக்கப்புறம் பாதியும் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை இல்ல, கோடவுன் சட்டை. நோட்டும் இல்ல. வந்தவன் பாட்டைப் போடல. நேராப் போய் ஸ்பீக்கருக்குப் பின்னாடி மண்டி போட்டான்.

"மாமா, அங்க இருட்டா இருக்கு. டார்ச் இருக்கா?"

எடுத்துக்கிட்டுப் போய் நான் பிடிச்சேன். என் கனெக்ஷனை ஒருத்தன் குனிஞ்சு, ஒவ்வொரு முனையா, கம்பியை விரலால அசைச்சுப் பாக்கறான், அதுக்கு நானே வெளிச்சம் காட்டறேன். டீச்சர் சோபாவுல உக்காந்து பாத்துக்கிட்டிருக்காங்க. இடது பக்கம் முடிச்சு வலது பக்கம் வந்தான். அங்க கொஞ்சம் கூடுதல் நேரம் பாத்தான்.

"சரியா இருக்கு மாமா"ன்னான்.

பாட்டைப் போட்டான். ஒரு நிமிஷம் கூட ஆகல, டீச்சரோட வலது காலு தரையில மெதுவாத் தட்ட ஆரம்பிச்சுச்சு. பாட்டு முடியறதுக்குள்ள, "உள் ரூமுக்கு ஒரு ஜோடி செஞ்சு குடுங்க தம்பி"ன்னுட்டாங்க. வாசல்ல நின்னுக்கிட்டிருந்த என் சம்சாரம் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா.

நான் அவனையே பாத்துக்கிட்டிருந்தேன். இப்பத் திரும்புவான், என் மூஞ்சியப் பாப்பான், பாத்த உடனே பலமாத் தலையாட்டணும்னு காத்துக்கிட்டிருந்தேன். நாலு வருஷமா ஒரு தடவை தவறாம அப்படித்தானே பாத்தான்.

அவன் பாக்கல. டீச்சரோட காலையே பாத்துக்கிட்டு நின்னான். ரெண்டாவது பாட்டும் முடிஞ்சுச்சு. டார்ச்சை அணைக்கக்கூடத் தோணாம நான் கையில பிடிச்சுக்கிட்டே நின்னேன்.